நான்கடி நிழலுக்கு மணி என்ன?

“1942 செப்டம்பர் 3, வியாழன். விசாரணை பகல் 11 மணி. நிழல் நான்கடி ஆகும்போது அடிவார முகாமில் இருக்கவேண்டும்.” விசாரணைக்கு முந்தின நாள் என் நாட்குறிப்பில் எழுதிய வரி இது. இதில் பிழை இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

அப்போது நான் மலைமேல் பெரக்கரை நாட்டில் வாத்தியார்; சில ஊர்கள் சேர்ந்தது அங்கே ஒரு நாடு. பக்கத்துக் காட்டுக்காரருக்கு, அடிவாரத்தில் முகாமிட்டிருந்த நில அதிகாரியிடமிருந்து நோட்டீஸ் வந்திருந்தது. அவருடைய பலாமரங்களும் அவற்றில் ஏறிய மிளகுக்கொடிகளும் நின்ற துண்டு நிலத்தை, தன்னுடையது என்று அவர் பங்காளி மனு எழுதிக்கொடுத்திருந்தார். நேரில் வந்து மறுக்காவிட்டால் நிலம் பங்காளிக்கு. நோட்டீஸைப் படித்துச் சொன்னவன் நான்.

மலையில் என்னைத் தவிரக் கடிகாரம் வைத்திருப்பவர் கிடையாது. வெயிலில் நின்று, தன் நிழல் முடியும் இடத்தைக் குறித்து, தன் பாதத்தாலேயே அளப்பார்கள். நான் என் பாக்கெட் கடிகாரத்தோடு ஒப்பிட்டு மாதவாரியாக ஓர் அட்டவணையே போட்டிருந்தேன். செப்டம்பர் தொடக்கத்தில் காலை நிழல் நான்கடி என்றால் மணி பத்து பத்து. ஐம்பது நிமிடம் கையில் இருக்கும் என்று அவருக்குக் கணக்குச் சொன்னேன்.

விடிந்ததும் இருவரும் இறங்கினோம். முகாமுக்கு எதிரே நின்று அவர் நிழலை அளந்தார்.

“சரியா நாலடிங்க வாத்தியாரய்யா. ஒரு முழுங்கு தண்ணி குடிச்சுட்டுப் போலாமுங்க.”

கூடாரத்து வாசலில் சேவகர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

“இப்பத்தான் மலை எறங்குச்சாக்கும்? மூணு தடவ கத்திக் கூப்பிட்டாச்சு. உங்க பங்காளி கையெழுத்தப் போட்டுட்டுக் காப்பி குடிக்கப் போயிட்டாரு.”

“மணி பத்து பத்துதானே?” என்று கடிகாரத்தை நீட்டினேன். அவர் உள்ளே மேசைக் கடிகாரத்தைக் காட்டினார். பதினொன்று பத்து.

“இது எந்தூர்க் கடியாரமுங்க? செவ்வாக்கெழமையே ஒரு மணி முன்னால தள்ளி வெச்சாச்சு, சண்டைக்காக. வாத்தியாருங்கறீங்க, பேப்பர் பாக்கறதில்லீங்களா?”

பார்ப்பவன்தான், ஆனால் பேப்பர் வாரத்துக்கு ஒருமுறை கட்டாகத்தான் மலையேறும். ஜெர்மனி 1916 ஏப்ரல் 30-லும் இங்கிலாந்து அடுத்த மாதம் 21-லும் கடிகாரத்தை முன்னே தள்ளியதைத் தேதியோடு குறித்து வைத்திருந்தவன் நான். என் தலைக்கு மேலேயே அது நடந்து மூன்று நாள் ஆனது தெரியவில்லை.

காட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தார். “பொழுது அங்கயேதானுங்க நிக்குது?”

உள்ளே இருந்த அதிகாரி கோபப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. “புது நேரத்தை மலையில் தமுக்கு அடித்து அறிவித்தாயிற்றா?” என்று சேவகரைக் கேட்டார். “ஆச்சுங்க” என்றார் சேவகர். மறுவிசாரணை மனுவை அங்கேயே எழுதிக் கொடுத்தேன். முறைப்படி அறிவிக்கப்பட்ட நேரத்தை அறியாதது காரணமாகாது என்று பின்னர் அது தள்ளுபடியாகி வந்தது. நிலம் பங்காளிக்குப் போயிற்று.

திரும்பி ஏறும்போது பாதி வழியில் அவர் நின்றார். “ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்காதீங்க. நீங்க மணி சொல்லாம இருந்திருந்தா, முந்தின நாளே எறங்கி அங்கயே குந்தியிருப்பனுங்க.”

அந்த வார்த்தையை அன்றிரவு நாட்குறிப்பில் அப்படியே எழுதினேன்.

அந்த ஒரு மணி 1945 அக்டோபர் 15 அன்று திரும்ப எடுக்கப்பட்டது, அதையும் குறித்திருக்கிறேன். தமுக்கைப் பற்றித்தான் எதுவும் எழுத இயலவில்லை. எங்கள் ஊரிலும் சோளக்காடு என்கிற பக்கத்து ஊரிலும் விசாரித்தேன். தமுக்குச் சத்தம் கேட்டவர் ஒருவரும் இல்லை. மலையின் மற்ற நாடுகளுக்கு நான் போய் விசாரிக்கவில்லை. செப்டம்பர் முதல் தேதிக்கு முன் தமுக்கு மலையேறியதா என்பது இதுவரை உறுதியாகவில்லை.