ஊருக்கு நடுவே தண்ணீர்த் தொட்டியாக நின்ற மத்தியானம்

இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ, சரியாக நினைவில்லை. தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் எல்லாம் கதவைச் சாத்தியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தாயில்பட்டியிலிருந்து உள்ளே பிரிந்து போகிற ஒரு கரிசல் கிராமத்தின் பள்ளிக்கூட மைதானத்தில் இது நடந்தது. வீட்டுக்கு வீடு மழைநீர்க் குழாய் மாட்டியே ஆக வேண்டும் என்று அரசாங்கம் கண்டிப்புக் காட்டிய காலம் அது.

எனக்கு அப்போது சிவகாசியில் ஒரு அச்சகத்தில் வேலை. தினசரி காலண்டரில் நல்ல நேரமும் எமகண்டமும் இடம் மாறிவிடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அச்சுப் பிழைகளைத் திருத்தித் திருத்தி, உலகத்தையே திருத்திவிடலாம் என்ற நம்பிக்கை வந்திருந்தது. அதனால் ஒரு தன்னார்வக் குழுவில் சேர்ந்து, மழைநீரைச் சேமிப்பது பற்றி நாலு பக்கத்தில் ஒரு பிரசுரம் எழுதிக் கொடுத்தேன். அதை நானே கிராமங்களுக்குக் கொண்டுபோய் விளக்க வேண்டும் என்று குழுத் தலைவி சொல்லிவிட்டார். எழுதியவனுக்குத் தண்டனை.

தலைவி மதுரைக்காரர், சுறுசுறுப்பானவர். அவருடைய முறையே தனி. நாம் போய்ப் பாடம் நடத்தக் கூடாது. ஊர்க்காரர்களே தங்கள் ஊரின் படத்தைத் தரையில் வரைய வேண்டும். எங்கே தண்ணீர் இருக்கிறது, எங்கே இல்லை, எது கெட்டுப்போயிருக்கிறது என்று வரையும்போதே அவர்களுக்குத் தெரிந்துவிடும். இதில் அவர் ஒரு விதி வைத்திருந்தார். வெளியிலிருந்து ஒரு பொருளும் கொண்டுபோகக் கூடாது. கலர் பொடிகூடக் கடையில் வாங்கக் கூடாது. ஊரில் என்ன இருக்கிறதோ அதை வைத்தே வரைய வேண்டும்.

எனக்கும் அது மிக நல்ல விதியாகப் பட்டது. அந்த ஊரில் என்ன இருக்கும் என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

பெண்கள்தான் அதிகம் வந்திருந்தார்கள். சீசன் முடிந்து வேலை இல்லாத வாரம். முதலில் ஊருக்கு நடுவே மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியைக் குறிக்க வேண்டும் என்றார் தலைவி. ஒரு செங்கலை வைக்கலாமா என்று பேச்சு வந்தபோது, ஒரு பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"செங்கல் எதுக்கு? அண்ணாச்சிய நிப்பாட்டுங்க. அவுகதான் தொட்டி கணக்கா இருக்காக."

மைதானமே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே போய் நடுவில் நின்றேன். என்னைச் சுற்றி ஊர் உருவாக ஆரம்பித்தது. வீடுகளுக்குச் செங்கல் தூள், வேலிகளுக்கு இலைச் சாறு, தெருக்களுக்குக் கோலமாவு. சோளக்காட்டுக்கு ஒருத்தி நல்ல மஞ்சளாக ஏதோ கொண்டுவந்தாள். ஊருணிக்கு ஒருத்தி வெள்ளி மாதிரி மின்னும் பொடியைத் தூவினாள். ஊரைச் சுற்றிப் போகும் தார் ரோட்டுக்கு, வடக்குத் தெருவிலிருந்து ஒரு அம்மாள் ஒரு பை நிறையச் சாம்பல் நிறப் பொடி கொண்டுவந்து இரண்டு முழ அகலத்துக்குப் போட்டார். ரோடு நிஜ ரோட்டை விட நன்றாக இருந்தது.

ஓடை ரோட்டைக் கடக்கும் இடத்துக்கு வந்ததும் ஒரு தகராறு. "அங்கன ரோடு போடாதீக மதினி. பாலந்தான் வெள்ளத்துல போயிருச்சுல்ல, இன்னமும் கட்டலையே?" என்றாள் ஒருத்தி. ரோடு போட்ட அம்மாள் அந்த இடத்தில் ஒரு சாண் அளவுக்கு விட்டுவிட்டு மேலே போனார். தரிசு நிலங்களுக்கு என்ன கலர் என்று கேட்டார்கள். ஊரில் பாதிக்கு மேல் தரிசு. அதற்கெல்லாம் போட்டால் பொடி காணாது, வெறுமனே விட்டுவிடுங்கள் என்றார் தலைவி. அதிலும் ஒரு வரப்பு யாருடையது என்று இரண்டு பெண்களுக்குள் சண்டை வந்து, ஆளுக்கொரு கோடு கிழித்தார்கள். சிறுபிள்ளைகள் குறுக்கே ஓடி, ரோட்டைத் தெருவிலும் தெருவை ஊருணியிலும் சிதறடித்தார்கள். தலைவிக்கு ஒரே சந்தோஷம். மக்கள் பங்கேற்பு என்றால் இதுதான் என்றார்.

அப்போதுதான் ரோடு போட்ட அம்மாளின் நாத்தனார், ரோட்டு ஓரத்தைச் சரிசெய்யக் குனிந்தவள், விரலில் ஒட்டியதை மூக்கருகே கொண்டுபோனாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். இன்றைக்கும் அதைத்தான் முதலில் நினைத்துக்கொள்வேன்.

"மதினி, இது எங்கன எடுத்தீக?"

"உங்க அண்ணன் கொண்டாந்ததுதான். கம்பெனி அறையக் கூட்டுனது."

"கலந்த மருந்துல்ல இது!"

அங்கே மருந்து என்றால் வெடிமருந்து. மஞ்சள் கந்தகம், வெள்ளி அலுமினியம் என்று தனித்தனியாக இருக்கும் பொடிகளைப் பற்றி அவர்களுக்கு அவ்வளவு பயம் கிடையாது. கையிலும் காதோரத்திலும் வெள்ளிப் பூச்சோடுதான் வேலை விட்டு வீடு திரும்புவார்கள். ஆனால் கலந்துவிட்டால் அது வேறு சாதி. ஆணி உரசினாலும் போதும், கல் உரசினாலும் போதும்.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. ஒவ்வொருத்தியும் பக்கத்தில் இருந்த பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, காலைத் தேய்க்காமல், பின்னால் பின்னால் போனாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் வாயில் வைத்திருந்த பற்றவைக்காத பீடியை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். கழுத்தில் தீக்காயத் தழும்போடு இருந்த ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு நிமிஷத்தில் மைதானம் காலியாகிவிட்டது.

தொட்டி மட்டும் நடுவில் நின்றது.

தலைவி ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "தண்ணி ஊத்தாதீக!" என்று எல்லோரும் ஒரே நேரத்தில் அலறினார்கள். ஈரம் பட்டால் கலவை உள்ளுக்குள் சூடேறித் தானாகவே பற்றிக்கொள்ளுமாம். அதைக் கேட்ட கையோடு மேற்கே ஒரு இடி இடித்தது. மழை வராதா என்று வருஷம் பூராவும் வானத்தைப் பார்க்கிற ஊர் அது. நான் கொண்டுபோயிருந்த பிரசுரத்தின் முதல் வரியே மழையை வரவேற்போம் என்பதுதான். அன்று அத்தனை பேரும் மேகத்தைப் பார்த்துக் கும்பிட்டு, போய்விடு என்று வேண்டிக்கொண்டதை நான் என் காதால் கேட்டேன். எமகண்டம் முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது என்பதையும் தொழில் பக்தியோடு இங்கே பதிவு செய்கிறேன்.

"ஒரே தாவா தாண்டி வந்துருங்க அண்ணாச்சி" என்றான் ஒருவன்.

"ஏலே, அவுக தாண்டுற ஆளாலே? தாண்டி ரோட்டு மேல விழுந்தா நாம எல்லாருமா போவோம்" என்று ஒரு பெண் அவனை அடக்கினாள். என் உடம்பைப் பற்றி அதுவரை யாரும் இவ்வளவு துல்லியமாக விமர்சித்ததில்லை.

முதலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். என் செருப்பில் வார் அறுந்து, செருப்புத் தைப்பவர் அடித்த ஆணிகள் இருந்தன. ஒரு காலில் நின்றுகொண்டு குனிந்தேன். குனிந்ததும் சட்டைப் பையிலிருந்து புதிதாக வாங்கிய செல்போன் வழுக்கிக்கொண்டு வந்தது. நெஞ்சோடு சேர்த்து அதை அமுக்கிப் பிடித்தேன். கைக்குக் கீழே இதயம் போனை விடச் சத்தமாக அடித்தது. இரண்டு செருப்பையும் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"அங்கனயே இருங்க. பாதை சொல்லுறோம்."

எங்கெல்லாம் பொடி இல்லையோ அங்கெல்லாம் கால் வைக்க வேண்டும். பொடி இல்லாத இடம் என்றால் தரிசு. தொட்டிக்குக் கிழக்கே யாரோ பம்பாய்க்குப் போய்விட்டவர்களின் நிலம், அதில் ஒரு கால். அடுத்து கிணறு வற்றியதால் விட்டுவிட்ட நிலம், அதில் இன்னொரு கால். ஒவ்வொரு நிலத்தையும் அந்தந்த வீட்டுப் பெண் கூப்பிட்டுச் சொன்னாள். "இது எங்க தரிசு அண்ணாச்சி, பயப்படாம வைங்க." அந்த வரப்புச் சண்டை இடத்துக்கு வந்ததும் என் கால் அந்தரத்தில் நின்றது.

"இடதுபக்கம் வைங்க, அது எங்க நிலம்."

"ஏட்டி, அது எப்ப உங்க நிலமாச்சு?"

"இப்பவுமா ஏட்டி பேசுவ? அவுக கால் வைக்கட்டும், பொறவு பேசுவோம்."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. காலை வைத்தேன். மூக்கு நுனியில் ஒரு துளி விழுந்தது. வியர்வையா மழையா என்று அண்ணாந்து பார்க்க தைரியமில்லை. பாதத்துக்கு இரண்டு விரல் தள்ளி வெள்ளியும் சாம்பலும் கலந்து கிடந்தது. வீட்டில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு எனக்காகக் காத்திருக்கும் மனைவியின் முகம் ஞாபகத்துக்கு வரவே இல்லை. தேய்க்காதே, தேய்க்காதே என்ற ஒரு சொல்தான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

ஓடைக்கு வந்து சேர்ந்தேன். அதுவும் வறண்ட ஓடை, வெறும் மண். அதற்கு அப்பால் ரோடு. சுற்றி வளைத்த சாம்பல் வட்டத்தில் ஒரே ஒரு இடைவெளி இருந்தது. இடிந்த பாலம். ரோடு போட்ட அம்மாள் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி அந்த ஒரு சாணில் வைத்தேன். பாதம் அடங்கியது. அடுத்த காலை அதன்மேலேயே தூக்கி வெளியே வைத்தேன். யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். நாங்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் ஓடினோம். ஓடும்போதுதான் தூறல் விழுந்தது.

கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. தூறலும் நின்று வெயில் வந்துவிட்டது. இவ்வளவு கலாட்டாவும் வீண்தானோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. பிறகு சுவர் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த பெண் சொன்னாள், "புகையுது."

ஊருணிக்கரையில் மெல்லிசாகப் புகை வந்தது. அதற்குப் பின் நான் பார்த்தது ஒரு வெளிச்சம் மட்டும். ரோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கண் சிமிட்டுவதற்குள் ஓடி முடித்தது. சத்தம்கூடப் பெரிதில்லை, பெருமூச்சு மாதிரிதான் இருந்தது. புகை விலகியபோது வடக்குத் தெரு வீடுகள் கருகிக் கிடந்தன. செங்கல் தூளில் போட்ட வீடுகள்தான். ஆனாலும் ஒவ்வொருத்தியும் தன் வீடு இருந்த இடத்தைத்தான் பார்த்தாள்.

"படத்தோட போச்சு" என்றாள் தழும்புக்காரப் பெண்.

ரோடு போட்ட அம்மாள் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "கார்த்திகைக்குக் கொளுத்தப் பிள்ளைக கேக்குமேன்னு வச்சிருந்தேன்" என்றார். எங்கே வைத்திருந்தீர்கள் என்று தலைவி கேட்டதற்கு, தலையைக் கூடத் தூக்காமல் பதில் சொன்னார்.

"அடுப்புக்கு மேல, பரண்ல."

ஒவ்வொருத்தியாக எழுந்து வீட்டுக்கு நடந்தார்கள், தங்கள் வீட்டுப் பரணைப் பார்க்க. சிலர் திரும்பி வந்தபோது கையை உடம்பிலிருந்து தள்ளி நீட்டி, ஒரு பொட்டலத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி ஏந்தி வந்தார்கள். எல்லாம் ஊருக்கு வெளியே ஒரு குழியோரம் போய்ச் சேர்ந்தது. கம்பெனி போர்மேனை வரவழைத்து அதைப் பக்குவமாக முடித்தார்கள். என் பிரசுரங்கள் கட்டுப் பிரிக்காமல் அப்படியே திரும்பி வந்தன.

சில வருஷம் கழித்து அந்த ஓடையில் பாலம் கட்டிவிட்டார்கள். பேருந்தில் அதைக் கடக்கும்போதெல்லாம் என் பாதம் செருப்புக்குள் தானாகப் பக்கவாட்டில் திரும்பும். உங்கள் ஊரில் என்னென்ன இல்லை என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிற கூட்டங்களில் இன்றும் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் பேனாவை எடுக்கக் கை வருவதில்லை, ஏனென்றால் ஒரு ஊர் இழந்தவற்றின் மேல் ஒவ்வொரு அடியாகக் கால் வைத்துத்தான் அன்று நான் உயிரோடு வெளியே வந்தேன்.