ஒரு மணிக்கு வந்த போட்டோ

நாங்கள் ஹைதராபாத் உப்பலில் இருக்கிறோம். என் தம்பி பாபுவுக்கு வயது முப்பத்து நான்கு. பிறவியிலேயே மனவளர்ச்சிக் குறைபாடு. யார் என்ன சொன்னாலும் செய்வான், புகார் சொல்லத் தெரியாது. நான் அலுவலகம் போகும் நேரத்தில் அவனைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி மூலம் ஓர் ஆளை வைத்திருந்தேன்.

மதியம் சாப்பாடு போட்டதும் ஒரு போட்டோ அனுப்ப வேண்டும். அது மட்டும்தான் நான் கேட்டது. தினமும் ஒரு மணிக்குத் தவறாமல் வந்தது. நிறைந்த தட்டு, பின்னால் சிரிக்கும் பாபு. அவன் பேன்ட் இடுப்பில் நிற்காமல் நழுவியபோதுகூட, வாக்கிங் போவதால் இளைத்திருக்கிறான் என்றே நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே சாம்பார் சாதம் பரிமாறினேன். ஊரிலிருக்கும் சித்திக்கு அனுப்பலாமே என்று போனைத் தூக்கி ஒரு படம் எடுத்தேன். அழகாகச் சிரித்தான். பிறகு தட்டை என் பக்கம் தள்ளினான்.

"போட்டோ ஆச்சு அக்கா. எடுத்துக்கோ."

போனைக் கீழே வைத்தேன். "எடுத்து யாருக்குடா குடுக்கணும்?"

"அண்ணாக்கு." அந்த ஆளை அப்படித்தான் கூப்பிடுவான்.

"அப்ப உனக்கு?"

"பிஸ்கெட்."

எத்தனை நாளாக என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. போனில் இருந்த படங்களைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாளே அந்த ஆளை நிறுத்திவிட்டேன். இப்போது வரும் அம்மாளிடம் போட்டோ கேட்பதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் மதியத்தில் வீட்டுக்கு வந்து நிற்கிறேன். மாதாமாதம் அவன் எடையைப் பார்க்கிறேன். நான் பரிமாறும்போது போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுத்தான் தட்டை எடுத்து வருகிறேன். போன் கண்ணில் பட்டால் பாபு இன்னமும் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரிக்கிறான்.