சேவல் ஏலமும் திருவிருந்து ஞாயிறும்

போன வாரம் ஈப்போ சந்தைக்கு வெளியே ஒரு சீனர், சைக்கிள் பிடியில் ஒரு சேவலைக் கால் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டு போனார். தொங்கிய நிலையிலும் அது என்னை ஒரு பார்வை பார்த்தது. நம்பினால் நம்புங்கள், நட்டநடுத் தெருவில் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. சேவல் இனத்துக்கு ஒருமுறை அநியாயம் செய்தவன் நான்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஈப்போவில் இங்கிலீஷ் படிப்பை முடித்த சூட்டோடு, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வாத்தியார் வேலை கிடைத்தது. உலகத்தைத் திருத்துவதை அங்கிருந்தே தொடங்கிவிடலாம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். பள்ளிக்கூடம் என்பது புகைக்கூடத்தை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகை. ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும்போது ஒரு வாடை வரும். புளித்த பாலும் ஈர விறகும் சேர்ந்தது போல. சிலேட்டில் அது இருந்தது, சட்டையில் இருந்தது, வேதபுத்தகத்தைத் திறந்தால் ஆதியாகமத்திலிருந்தே அடித்தது. ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை அதே கொட்டகைதான் எங்களுக்குக் கோயில்.

மொத்தம் பதினொரு கிறிஸ்தவக் குடும்பங்கள். போதகர் ஐயா மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் ஈப்போவிலிருந்து ரயிலேறி வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் நடத்துவது நான், பாட்டைத் தொடங்குவது நான், சுருதியைத் தவறவிடுவதும் நானே.

அறுப்பின் பண்டிகை வந்தது. ரப்பர் தோட்டத்தில் என்ன அறுப்பு என்று கேட்பீர்கள். ரப்பர் பாலையா வாளியில் கொண்டுவந்து படைக்க முடியும்? ஆனால் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்குப் பின்னால் ஆளுக்கொரு துண்டு நிலம் உண்டு. பூசணிக்காய், மரவள்ளி, வாழைத்தார், கோழி என்று ஒவ்வொரு குடும்பமும் ஒன்றைக் கொண்டுவந்து ஆராதனையில் வைக்கும். முடிந்ததும் ஏலம். ஏலம் போடுகிறவன் நாலு வேடிக்கை பேசினால்தான் களைகட்டும் என்பது எங்கள் வழக்கம். அந்த வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

கங்காணி தானியேல் அண்ணன் வைத்த காணிக்கை ஒரு சேவல். மெலிந்த சேவல். கழுத்தில் பாதி இறகு இல்லை. அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "வாரா வாரம் என் பிரசங்கத்தைக் கேட்டே இது இப்படி இளைச்சுப் போச்சு, யாராச்சும் வாங்கிக் காப்பாத்துங்க" என்றேன். கொட்டகையே அதிர்ந்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் ஏசுவடியான் அண்ணன், தானியேலுடைய மச்சான். சிரித்தது போதாதென்று ஏலத்தில் அவரே எடுத்து, அன்று மத்தியானமே குழம்பு வைத்துவிட்டார்.

மறுநாள் வேலைக்குப் போகுமுன் பிரட்டுக்களத்தில் ஆள் எண்ணிக்கை எடுக்கும்போது, தானியேல் தன் மச்சான் பெயரைக் கூப்பிடவில்லை. விரலை மட்டும் நீட்டினார். அதோடு பேச்சு நின்றது.

நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும் என்று விட முடியாது. தானியேலின் மகள் ரூத்துக்குக் கலியாணம் நிச்சயமாகி, கோயிலில் அறிவிப்பு ஓலையும் வாசித்தாயிற்று. போதகர் அடுத்த முறை வர மூன்று வாரம் இருந்தது; அவர் வருகிற ஞாயிறுக்கு மறுநாள், திங்கட்கிழமை தாலி. பெண்ணைக் கைபிடித்து அழைத்துவர வேண்டியவர் தாய்மாமன், அதாவது ஏசுவடியான். தானியேலின் மனைவி எஸ்தர் அக்கா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, எங்கண்ணன் இல்லாம எம் மவளுக்குத் தாலி ஏறணுமா? அண்ணன் பேரைச் சொன்னாலே இவுரு எந்திரிச்சுப் போயிடுறாரு."

"நான் பாத்துக்கிறேன்க்கா" என்றேன். சமாதானம் பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள். பாக்கியவானாக இதைவிட நல்ல சந்தர்ப்பம் எப்போது வரும்?

தானியேல் மேல் லயத்தில், ஏசுவடியான் ஓடைக்கு அந்தப் பக்கக் கீழ் லயத்தில். நடுவில் ஒரு மூங்கில் பாலம். அந்த மூன்று வாரத்தில் அதை நான் தேய்த்த தேய்ப்புக்கு அது முறியாமல் இருந்தது ஆச்சரியம். தானியேலிடம் போய், "உங்க மச்சான் ராத்திரியெல்லாம் தூங்கலையாம்ண்ணே, உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு துடிக்கிறாரு" என்பேன். பாலத்தைத் தாண்டிப் போய், "நாந்தான் அவசரப்பட்டுட்டேன்னு தானியேல் அண்ணன் கண்ணுல தண்ணி விட்டாரு" என்பேன். இரண்டுமே என் சொந்தச் சரக்கு. பொய் என்று அப்போது தோன்றவில்லை. கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லப்பட்ட உண்மை என்று வைத்துக்கொண்டேன்.

ஒருநாள் பால் நிறுக்கும் கொட்டகையில் இருவரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டேன். இருவரும் கைகட்டி நின்றார்கள். எதிராளி ஆரம்பிக்கட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"சொல்லு மச்சான்" என்றார் தானியேல், பெருந்தன்மையாக.

"நான் என்னா சொல்ல? நீதான் அழுதியாமே."

"நானா? எவன் சொன்னான்?"

இரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பின. வாளிகளுக்கு நடுவே எனக்கு ஒளிய இடமில்லை. "வாத்தியாருக்குப் பள்ளிக்கூடத்துல வேலையே இல்ல போலலா" என்று ஏசுவடியான் துப்பிவிட்டுப் போனார். முன்பு ஒரு கோபமாக இருந்தது இப்போது மூன்றாயிற்று.

போதகர் வந்துவிட்டார். மறுநாள் கலியாணம். எஸ்தர் அக்கா முகத்தை நான் பார்க்கவில்லை.

எங்கள் போதகருக்கு ஒரு முறை உண்டு. திருவிருந்துக்கு அப்பத்தைப் பிட்குமுன் வாசற்கதவைத் திறந்து வைக்கச் சொல்வார். "யாருக்காச்சும் யார் மேலயாச்சும் மனத்தாங்கல் இருக்கா? இருந்தா வெளிய போயிப் பேசிட்டு வாங்க, நாங்க காத்திருக்கோம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்திருப்பார். ஒருமுறை இரண்டு பெண்கள் போய்ப் பேசி முடிப்பதற்குள் அப்பத்தில் எறும்பு ஏறிவிட்டது, தட்டிவிட்டுக் கொடுத்தார்.

அன்றைக்கும் கேட்டார். தானியேல் எழுந்தார். எஸ்தர் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். ஏசுவடியானும் எழுவதற்குக் காலை மடக்கினார்.

"இருக்கு ஐயா" என்றார் தானியேல். "வாத்தியார் மேல."

பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்தேன்.

வெளியே ரப்பர் மரத்தடியில் நின்றோம்.

"மச்சான் சிரிச்சான். சரி, அவன் எதுக்கும் சிரிப்பான். சிரிக்க வச்சது யாரு?" என்றார் தானியேல். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டே, "கோழிச் சீக்கு வந்துச்சுல்ல தம்பி. எங்க வூட்டுல பதினாலு கோழி போச்சு. மிஞ்சுனது அது ஒண்ணுதான். எஸ்தர் மஞ்சத்தண்ணி குடுத்துக் காப்பாத்துச்சு. கர்த்தருக்குன்னு வச்சோம்."

மூன்று வாரம் பாலத்தில் நடந்தவன், சண்டை எங்கே பிறந்தது என்று ஒருமுறை என் வாயைப் பார்த்திருக்கலாம். "மன்னிச்சுக்குங்கண்ணே" என்றேன்.

"எங்கிட்ட இங்க சொன்னா? எல்லாரும் சிரிச்சது உள்ள."

உள்ளே போனேன். சேவலைத் தூக்கிப் பிடித்த அதே இடத்தில் நின்று, அது எந்தச் சேவல் என்று சொன்னேன். ஏசுவடியான்தான் முதலில் எழுந்தார்.

"மச்சான், எனக்குத் தெரியாதுய்யா. நான் அதைத் தின்னுட்டனே" என்றார்.

தானியேல் அவர் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு, "வெந்துச்சா?" என்று கேட்டார்.

"எங்க வெந்துச்சு. சாயங்காலம் வரைக்கும் அடுப்புல கெடந்துச்சு."

கொட்டகை மறுபடி அதிர்ந்தது. இந்த முறை எஸ்தர் அக்காவும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. போதகர் அப்பத்தை எடுத்தார். மறுநாள் ரூத்தின் கையைப் பிடித்து அழைத்து வந்த ஏசுவடியானின் வேட்டி, மாப்பிள்ளையின் வேட்டியைவிட வெளுப்பு.

அந்தத் தோட்டம் பிறகு கைமாறியது. தானியேல் குடும்பம் ஆயர் தாவார் பக்கம் போனது. ஏசுவடியான் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார். கொட்டகையில் இப்போது ஷீட்டுக் கட்டுகளை அடுக்கியிருக்கிறார்களாம். நான் ஈப்போவில் குமாஸ்தா. இங்கே கோயில் கல் கட்டடம். ஆராதனை அச்சிட்ட புத்தகத்தின்படி. மனத்தாங்கல் பற்றி அதிலும் ஒரு வரி உண்டு. எல்லோரும் சேர்ந்து கடகடவென்று வாசித்துப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். என் பெஞ்சில் என்னோடு உட்காருகிறவரும் நானும் ஆறு வாரமாகப் பேசுவதில்லை. அந்த வரியை இருவருமே உச்சரிப்புப் பிசகாமல் வாசிக்கிறோம். எங்களை வெளியே அனுப்பிவிட்டுக் காத்திருக்க இங்கே யாரும் இல்லை.