நார் குறுக்கே ஓடிய புத்தகம்

கள்ளக்குறிச்சியில் தாஹிராவின் அச்சகத்துக்கு, வேறு இடத்தில் அடித்த புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு போகக் கூடாது. போனால் தொலைந்தோம். வாங்கி, முதுகைத் தடவி, நடுப்பக்கத்தை விரித்துப் பார்த்து, “இதுக்குப் பேரு பைண்டிங்காங்க? பசையக் கொட்டி ஒட்டி வச்சிக்கீறான்” என்று சிரிப்பார். நாற்பத்தெட்டு வயது. அத்தாவிடமிருந்து வந்த அச்சகம். பில் புத்தகமும் கல்யாணப் பத்திரிகையும்தான் சோறு போட்டன. ஆனால் வருஷத்துக்கு இரண்டோ மூன்றோ புத்தகம் வரும்போதுதான் அவருக்கு உயிரே வரும். எழுத்தின் அளவு, வரிகளுக்கு நடுவே விட வேண்டிய இடம், படிக்கிறவர் கட்டைவிரல் வைக்க ஓரம் என்று எல்லாவற்றையும் அவரே பார்ப்பார். திறமைசாலிதான், சந்தேகமில்லை. அந்தத் திறமை தனக்கு இருப்பதை ஒரு நிமிஷம்கூட மறக்க மாட்டார், அதுதான் வம்பு.

அவரைத் தேடி பூமாலை வந்தார். கரியாலூர்ப் பக்கம் பிறந்து, கல்வராயன் மலையிலேயே முப்பது வருஷம் கிராமச் செவிலியராக நடந்து தேய்ந்தவர். ஓய்வு பெற்றதும், தான் பார்த்த பிரசவங்களை எழுதியிருந்தார். எந்த ஊர், எந்த மழை, தாயைத் தூளி கட்டித் தூக்கி வந்தவர்கள் யார், பிள்ளைக்கு வைத்த பெயர் என்ன என்று ஒன்று விடாமல். அதைத் தட்டச்சு செய்யும்போதே தாஹிரா இரண்டு முறை அழுதுவிட்டார்.

“சிஸ்டர், இத நான் தங்கமாட்டம் பண்ணித் தரேன்” என்றார்.

பூமாலை கேட்டது ஒன்றே ஒன்றுதான். “பேரு வந்த ஒவ்வொரு வூட்டுக்கும் ஒண்ணு குடுக்கணும்ங்க. நெறைய வூட்டுல அதுதான் மொத புத்தகமே. நாள்பட நிக்கணும்.”

படங்கள் பெரிதாக வரட்டும் என்று அகலமான அளவைத் தேர்ந்தெடுத்தவரும் தாஹிராதான். சிக்கல் அங்கேதான் பிடித்தது. துணிக்கு இருக்கிற மாதிரி தாளுக்கும் ஓட்டம் உண்டு. நாரெல்லாம் ஒரே திசையில் படுத்திருக்கும். அந்த நார் புத்தகத்தின் முதுகோடு மேலிருந்து கீழாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால், ஈரம் பட்டதும் தாள் முதுகின் நீளவாக்கில் விரியப் பார்க்கும், ஒட்டிய பசை விடாது, பக்கமெல்லாம் நெளிந்து போகும். கையிருப்பில் இருந்த தாள் இந்த அளவுக்குக் குறுக்காகத்தான் வந்தது. சரியான தாள் வர பத்து நாள் ஆகும். அப்போது ஆடி மாதம், மெஷின் சும்மா இருந்தது. பத்து நாள் கழித்தென்றால் ஆவணிக் கல்யாணப் பத்திரிகைகள் வந்து குவிந்துவிடும்.

“நாரு குறுக்க ஓடுதுக்கா” என்றார் மெஷின் ஓட்டும் தங்கமணி.

“தெரியும். ஓட்டு. எவன் கண்டுபுடிக்கப் போறான்?”

வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அந்தப் புத்தகத்தை ஊரெல்லாம் காட்டிச் சிரித்திருப்பார். தன் கையால் செய்ததால் அது சரியாகிவிட்டது. ஆடிக் காற்றில் அடித்துக் காய்ந்த புத்தகமும் பார்க்க லட்சணமாகவே இருந்தது. தாஹிரா அதை மோந்து பார்த்தார், மகள் அஸ்ரினுக்கு போட்டோ எடுத்து அனுப்பினார், பிறகு மறந்தும் போனார்.

வெளியீட்டு விழா ஐப்பசியில், மலை மேல், சமுதாயக் கூடத்தில். கட்டுகள் பத்து நாள் முன்பே மேலே போயிருந்தன. அந்தப் பத்து நாளும் விடாத தூறல், பனி. தாஹிரா நல்ல புடவை கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனார். கூடத்துக்குள் நுழைந்ததும் மேஜையைப் பார்த்தார். அடுக்கி வைத்திருந்த புத்தகங்கள் அத்தனையும் வாயைத் திறந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்து மூடினார். திறந்துகொண்டது. பக்கங்கள் முதுகோரம் அலை அலையாக நெளிந்திருந்தன.

பூமாலை ஓடி வந்தார். முகம் வெளிறியிருந்தது. “தாஹிராம்மா, ஏங்க இப்டி ஆயிட்ச்சி? நான் ஏதாவது பண்ணிட்டனா?”

உண்மையைச் சொல்ல அந்த ஒரு நொடி போதும். தாஹிரா அந்த நொடியில் சொன்னது வேறு.

“மலைக் காத்து சிஸ்டர். ஈரம் ஜாஸ்தி. இங்க எந்தப் புத்தகமும் நிக்காது.”

விழா நடந்தது. சிறப்பு விருந்தினர் போட்டோவுக்காகப் புத்தகத்தை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பூமாலை மைக்கைப் பிடித்தார். “புத்தகம் நெளிஞ்சி கீதேன்னு பாக்காதீங்க. எங்க மலைப் பனி அப்டி. அம்மா வேலையில ஒரு கொறயும் இல்ல. கீழ இருந்து வந்தவங்க மன்னிச்சிக்கணும்” என்று கை கூப்பினார். பிறகு தாஹிராவை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தினார். எல்லாரும் கை தட்டினார்கள். தாஹிராவின் குனிந்த தலை நிமிரவில்லை. பார்த்தவர்கள் அதைப் பணிவு என்று நினைத்துக்கொண்டார்கள்.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது வெளியே புத்தகக் கட்டுகளை யாரோ வேனில் ஏற்றுவதைப் பார்த்துத் தாஹிரா எழுந்து போனார்.

“எங்கங்க போவுது இது?”

“கீழதாங்க” என்றார் வேனருகே நின்ற பூமாலை. “இங்க குடுத்தா கெட்டுப்பூடும்னு சொன்னீங்களே. உங்க அச்சகத்துலயே இருக்கட்டும். வேணுங்கறவங்க டவுனுக்கு வந்து பாத்துக்கட்டும். எங்க வூடுங்களுக்கு எல்லாம் இது தாங்காது.”

தாஹிராவின் வெட்கம் அதுவரை தனக்காக மட்டுமே இருந்தது. இப்போது அது அந்த வீடுகளுக்காகவும் ஆனது. வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, வார்த்தை தட்டுத் தடுமாற எல்லாவற்றையும் சொன்னார். தாள், நார், ஆவணிக் கல்யாணங்கள், தங்கமணி சொன்னது, தான் சொன்னது. “மலை மேல தப்பு இல்ல சிஸ்டர். என் தப்பு. வேற அடிச்சித் தரேன்.”

பூமாலை கட்டுகளிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி, மூடிப் பார்த்தார்.

“அப்போ நான் மைக்குல எங்க மலையத்தான கொற சொல்லிட்டேன்” என்றார். குரல் உயரவில்லை. “வேற அடிக்கறது அப்புறம். அத உள்ள வந்து நீங்களே சொல்லுங்க.”

தாஹிரா உள்ளே போய்ச் சொன்னார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை இலையில் வைத்தபடி கேட்டார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டு பேர் எழுந்து கை கழுவிவிட்டு, வேனிலிருந்து கட்டுகளை இறக்கப் போனார்கள். நெளிந்தது நெளிந்தபடியே அன்றைக்கே வீடு வீடாகப் போகும் என்று பூமாலை சொல்லிவிட்டார்.

கிளம்பும்போது தாஹிரா சால்வையை மடித்து நீட்டினார். “இத நான் போட்டுக்கினு போவக் கூடாது சிஸ்டர்.”

பூமாலை அதை வாங்கி, மடிப்பைப் பிரித்து, மறுபடியும் அவர் தோளில் போர்த்தினார்.

“அவ்ளோ பேரு பாக்கப் போட்டது. போட்டுக்கினே போங்க” என்றார்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்வரை தாஹிரா அதைக் கழற்றவில்லை. பக்கத்து சீட்டுக்காரி இரண்டு முறை என்ன விழா என்று கேட்டாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.