புகை இல்லை என்ற வரி

கொடைக்கானல் மலையில் பள்ளங்கிக்குப் பக்கத்தில் இருந்த எஸ்டேட் ஆபீசில் தேவசேனாவுக்குப் பெயர்தான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். சம்பளச் சீட்டு, லாரிச் சீட்டு என்று எல்லாச் சோலியும் அவள் தலையில்தான் விடியும். போதாததற்கு வாக்கி டாக்கி வேறு. கோடை வந்தால் காட்டுத்தீக்குப் பயந்து, மேட்டுக் கோபுரத்தில் திருமலைச்சாமியைக் காவலுக்கு வைப்பார்கள். சிறுவயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த மனிதர். அந்த நாலு மாசச் சம்பளத்தை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது.

காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை மணிக்கு ஒரு தரம் கூப்பிட்டு, "புகை இல்ல தங்கச்சி" என்பார். தேதிக்குக் கீழே 'புகை இல்லை' என்று அவள் ஒரு வரி தட்டுவாள். அடுத்த மணிக்கும் அதே வரி. இல்லாத புகையைத் தட்டித் தட்டியே கண் பூத்துப்போயிற்று மகராசிக்கு.

2006 சித்திரையில் சென்னை ஆபீஸ் தீக்காவல் அறிக்கை கேட்டது. சுருக்கமாக வேண்டுமாம். கொடைக்கானல் கம்ப்யூட்டர் சென்டரில் படித்த 'யூனிக்' கட்டளை அவளுக்கு ஞாபகம் வந்தது. அடுத்தடுத்து ஒரே வரி வந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும். தேதிக்கு ஒரு வரியே மிஞ்சி, பதினாறு பக்கம் மூன்று பக்கமாகச் சுருங்கியது. அப்பாடா என்று அனுப்பிவிட்டு வெள்ளனே பஸ் ஏறினாள்.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் சேனாதிபதி கூப்பிட்டார். "ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் கூப்பிட்டிருக்கான் அந்தாளு. மத்த நேரம் தூங்குறானான்னு கேக்குறாங்க. நிறுத்திரச் சொல்லிட்டாங்க."

"ஐயோ சார், அது நான் செஞ்ச வேலைங்க. அவரு மணிக்கு மணி கூப்பிட்டாருங்க."

நல்லவேளை, பழைய கோப்பு அழியாமல் இருந்தது. கட்டளையோடு 'மைனஸ் சி' சேர்த்தாள். ஒவ்வொரு வரியும் எத்தனை தடவை வந்தது என்று முன்னால் எண் விழுந்தது. பத்து, பத்து, பத்து. மழை பெய்த நாளிலும் பத்து. மனுசன் ஒரு மணியைக்கூட விடவில்லை.

சேனாதிபதி முகம் இளகியது. "பாவம், ஒழுங்காத்தான் இருந்திருக்கான்" என்றவர், கொஞ்சம் யோசித்து, "ஆனா பத்து தடவையும் ஒண்ணுமில்லன்னுதானம்மா சொல்லியிருக்கான்? ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு ஆளும்பாங்க" என்றார்.

"ஆளு பாத்ததாலதானங்க ஒண்ணுமில்லன்னு தெரியுது."

"அத நான் சென்னைக்குச் சொல்லிக்கிட்டிருக்க முடியுமா? வெரசா எறங்கச் சொல்லு."

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் காட்டுவது? அவள் தட்டிய கட்டளைதானே எல்லாவற்றுக்கும் காரணம்.

பத்து மணிக்கு வாக்கி டாக்கி கரகரத்தது. "புகை இல்ல தங்கச்சி."

மேனேஜர் சொன்னதைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"சரி தங்கச்சி, எறங்குறேன்" என்றார் திருமலைச்சாமி. "அப்ப புகை வந்தா யாரு சொல்லுவா?"

பதினொரு மணிக்கு வழக்கம்போலக் கோப்பைத் திறந்துவிட்டாள். வாக்கி டாக்கி பேசவில்லை. ஜன்னல் வழியே மேட்டைப் பார்த்தாள். உச்சியில் வெள்ளையாக ஏதோ கிடந்தது. மேகமா புகையா என்று இங்கிருந்து தெரியவில்லை. 'புகை இல்லை' என்று தட்டப்போன விரலை எடுத்துக்கொண்டாள்.