எலிகளுக்குக் கேட்ட என் குரல்

பர்வீன் டாக்டரம்மாவின் மகன் போனில் அழைத்தபோது வெண்ணந்தூரில் என் வீட்டு விசைத்தறிகள் நான்கும் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றும் கேட்கவில்லை. தறிகளை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டேன். "அம்மா மவுத்தாயிட்டாங்க மாமா," என்றான். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இன்னும் முழுதாக எழுந்திருக்கவில்லை, அலுப்பாக இருக்கிறது.

நாமக்கல்லில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு என்னையும் தெரியும். ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொண்ட தற்காலிகப் பணியாளன். ஒரு பக்க நுரையீரலை அறுவை செய்து எடுத்துவிட்டால், எலிக்கு மறுபக்கத்து நுரையீரல் வளரும். அந்த வளர்ச்சியில் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிக்கு என்ன பங்கு என்பதுதான் அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. "அது சுரக்கற ஸ்டீராய்டு பிரேக் மாதிரிண்ணே. பயந்தா இன்னும் அழுத்திப் புடிக்கும்," என்பார். பாதி எலிகளுக்கு அந்தச் சுரப்பியையும் எடுத்துவிடுவார். சுரப்பி போனால் உடம்பில் உப்பு தங்காது, அதனால் அவற்றுக்கு உப்புத் தண்ணீர் வைப்பது என் வேலை.

சுரப்பி இல்லாத எலிகளின் நுரையீரல் நன்றாக வளர்ந்தது. மற்றவற்றுக்குக் குறைவு. எதிர்பார்த்ததுதான் என்று எல்லோரும் கைகொடுத்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. சுரப்பி உள்ளவற்றிலும் கதவோரக் கூண்டுகளில் இருந்தவை மிகவும் பின்தங்கியிருந்தன. காற்றேற்றிப் பார்த்தால் அந்த நுரையீரல்கள் சரியாக விரிந்து சுருங்கவும் இல்லை. ஒரு காலை முழுக்க அந்த அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, தெனமும் கதவுகிட்ட நின்னுதான் போன் பேசுவீங்களா?"

"ஆமாங்க டாக்டரம்மா."

"இவ்ளோ சத்தமாவா?"

தறிக்காரன் வீட்டில் பிறந்தவனுக்கு வேறு எப்படிப் பேச வரும்? எங்கள் வீட்டில் சோறு கேட்பதே சண்டை போலிருக்கும். என் தொண்டையைக் கேட்டு எலிகள் தினமும் நடுங்கியிருக்கின்றன. சுரப்பி இருக்கிற எலிதானே அந்த நடுக்கத்தில் ஸ்டீராய்டைச் சுரக்கும்! பாழாய்ப்போன என் வாயால் அவருடைய ஒன்றரை வருட உழைப்பு போயிற்று.

"வெளிய தெரிஞ்சா என்னைய ஊட்டுக்கு அனுப்பிருவாங்கம்மா," என்றேன். வெட்கமில்லாமல் அதைத்தான் முதலில் சொன்னேன். அவர் தவறை மறைக்கவில்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. அறையின் சத்தத்தைத் தான் கவனிக்கத் தவறியதாக எழுதிக் கொடுத்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கினார். அந்தத் தாமதத்தில் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு இன்னொருவருக்குப் போனது. கேட்டவர்களிடம், "எலிங்க கோவிச்சுக்கிச்சுங்க," என்று சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள்.

போன மாதம் அவருக்கே நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்தார்கள். சேலத்துக்குப் போய்ப் பார்த்தேன். அந்த எலிகளுக்குப் பிறகு அவர் முன்னால் நான் குரல் உயர்த்தியதே இல்லை. மெல்லத்தான் கேட்டேன்.

"மிச்சம் வளருங்களாம்மா?"

"இந்த வயசுல எங்கண்ணே வளரும்? இருக்கறது கொஞ்சம் விரிஞ்சு குடுக்கும், அவ்ளோதான்." மூச்சு வாங்கியது. "சத்தமாப் பேசுங்கண்ணே. இங்க எலி இல்ல. உங்க பழைய கொரல் கேக்கணும்."

எனக்கு வரவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தத் தாழ்ந்த குரல்தான். தறிச் சத்தத்தில் வீட்டில் யாருக்கும் அது கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டத்தில் மைக் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். மைக் இல்லாமல், அவர் கேட்க ஆசைப்பட்ட அந்தப் பழைய குரலிலேயே உங்களிடம் சொல்லிக்கொள்கிறேன்: எலிகள் கோபித்துக்கொள்ளவில்லை, அந்தச் சத்தம் நான்தான்.