கருமேகத்தைக் கூப்பிடுகிறவர்

இன்று காலை எம். புதுப்பட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் ஒரு பட்டாசுக் கம்பெனி அக்கா மெதுவாகப் பாடிக்கொண்டே வந்தார்.

"கருமேகமே எறங்கி வா, அவுக போற பாதைய மறிச்சு நில்லு."

முன் சீட்டுப் பெண் திரும்பினார். "மழை பெஞ்சா நமக்கு வேலை கிடையாது. அதை எதுக்குக்கா கூப்பிடுறீக?"

"கம்பெனி வெடிச்ச அன்னைக்கு மழை பெஞ்சிருந்தா அவுக வேலைக்கே போயிருக்க மாட்டாக."

"வீட்டுக்காரரா?"

"இல்ல. சீசன் முடியவும் பொண்ணு கேட்டு வாரேன்னு சொன்னவுக."

அக்கா விட்ட இடத்திலிருந்து மறுபடி பாடினார்.

வெளியே பட்டாசுத் திரி காய்வதற்கு ஏற்ற வெயில். ஒரு மேகம்கூட இல்லை.

வீட்டு மாடியில் துணி காயப்போட்டிருக்கிறேன். நனைந்தால் நனையட்டும். உங்கள் ஊரில் மேகம் இருந்தால் இந்தப் பக்கம் அனுப்பிவிடுங்கள்.